நூல் தெரியக் கூடாது

துப்பறிகிறவர் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சாய்வு நாற்காலி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரைச்சீலை, பக்கத்தில் கதவு, நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். போய்ச் சேர்ந்ததும் நேராக எங்கள் பக்கம் திரும்பி, திட்டுகிற மாதிரி வாயை அசைத்தார்.

"இந்த ஆளு என்னத்தக் காட்டுறாருக்கா?" என்றான் சோடாபுட்டி. அவன் என் பக்கத்து சீட். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பன். கண்ணாடியைக் கழற்றினால் தன் பிள்ளைகளில் எது எது என்று அவனுக்கே தெரியாது. அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் எங்கள் ஆபீசில் பிரேம் பிரேமாகப் பார்க்கிற வேலை.

"அங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"நூலு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"எந்த இடத்துல?"

"அவரு விரலுக்கு அடியில."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் மறுபடி திரையைப் பார்த்தோம். துப்பறிகிறவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய படச்சுருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு பிரேமிலும் இருக்கிற தூசி, கீறல், பூஞ்சை, எந்தக் காலத்திலோ எவன் தலையிலிருந்தோ விழுந்த முடி, எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு பிரேம். "உனக்குச் சம்பளம் குடுத்து ஊரான் தூசியத் தட்டச் சொல்றாங்க. நம்ம வீட்டு ஃபேன்ல இருக்கறத ஓசியாக்கூடத் தட்ட மாட்டேங்கற" என்பார் என் வீட்டுக்காரர். ஏழு வருடமாக இதே ஜோக். ஃபேனும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு படத்தை ஒருவரே முழுவதும் பார்ப்பது எங்களிடம் கிடையாது. ரீலைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மூன்றாவது, சோடாபுட்டிக்குக் கடைசி. சத்தமும் கிடையாது, ஒலியைச் சுத்தம் செய்வது வேறு கம்பெனி, அது கடைசி வாரத்தில்தான் வந்து சேரும். ஆகவே நாங்கள் துடைத்த ஒரு படத்தின் கதைகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ கதாநாயகிகளின் கண்ணீரைக் கீறல் இல்லாமல் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று கேட்டால் முழிப்பேன்.

இந்தப் படம் ஒரு கறுப்பு வெள்ளை மர்மப் படம். பழைய மர்மப் படங்களைத் தேடித் தேடி வாங்குகிற ஒரு கம்பெனி இதைக் கேட்டிருந்தது. படத்துக்கு இப்போது சொந்தக்காரர் டைரக்டரின் மகன். தண்ணீர் வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வாட்டர் போர்டு. முதலில் தண்ணி சார் என்றுதான் வைத்தோம். அவர் காதில் விழுந்தால் வம்பு என்று மாற்றிக்கொண்டோம். அவர் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எனக்கு வேலை நிரந்தரம் என்று மானேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஏழு வருட ஒப்பந்தக் கூலிக்கு அந்த வார்த்தை எப்படி இனித்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. துப்பறிகிறவர் காற்றைத் தடவிய அன்றைக்குப் புதன்கிழமை.

வாட்டர் போர்டு ஆறு மாதம் முன்னால் முதல் தடவை வந்தபோது, டைப் அடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பதின்மூன்று பாயிண்ட். முதல் பாயிண்ட்டுக்கு மட்டும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு. 'மூன்றாவது ரீலில் நாற்காலி நகரும் காட்சியில் நூல் தெரிகிறது. நூல் தெரியக் கூடாது.' தாளைக் கொடுத்துவிட்டு அவரே கதையையும் சொன்னார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது படம் வெளியாகியிருக்கிறது. அப்பா எடுத்த படம் என்று வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிற அறையில், ஆள் இல்லாமல் நாற்காலி தானாக நகர்கிற கட்டம். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய இடம். பார்த்தால், நாற்காலிக் காலிலிருந்து கதவுப் பக்கம் வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஒரு நூல். முதலில் ஒருத்தன் சிரித்திருக்கிறான். அப்புறம் தியேட்டரே சிரித்திருக்கிறது. இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இவரும் எழுந்து போனார், திரும்பி வரவில்லை. நாலாவது நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு நூலுன்னு பேரு வெச்சாங்க. காலேஜ்ல ஒரு பொண்ணுகிட்டப் பேசினா, நூலு நூல் விடுதுன்னு கத்துவாங்க." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை, சோடாபுட்டிதான் சிரித்துவிட்டு இருமுகிற மாதிரி நடித்தான். "அப்பா அதுக்கப்புறம் படமே எடுக்கல. ரேடியோ ரிப்பேர் கடை வெச்சாரு. போய்ச் சேர்ந்து இருவது வருஷம் ஆச்சு. நல்ல மனுஷன்மா அவரு. ஆனா வேலை சுத்தம் கிடையாது. அது மட்டும் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இப்ப புதுசா பாக்கறவங்களாவது அவரப் பாத்துச் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

எனக்கு மனசு கேட்கவில்லை. பதினேழு வினாடிக் காட்சி, நானூற்றெட்டு பிரேம். பதினோரு நாள் உட்கார்ந்து அந்த நூலை எடுத்தேன். எடுத்த இடம் தெரியாமல் திரைச்சீலையின் மடிப்பைத் திரும்ப வரைந்தேன். எடுக்கும்போது அந்த டைரக்டரைத் திட்டவும் செய்தேன். ஏனய்யா, கறுப்புத் திரைச்சீலைக்கு முன்னால் வெள்ளை நூலைக் கட்டுவாயா, கட்டியதோடு நிற்காமல் அதன் மேல் விளக்கையும் அடிப்பாயா, உனக்கெல்லாம் யார் காமிராவைக் கொடுத்தது என்று. என் வேலை முடிந்தபோது நாற்காலி தானாகவே நகர்ந்தது. அந்தத் திமிர் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

துப்பறிகிறவரின் ஒலி அன்று மதியம்தான் வந்தது. சோடாபுட்டி தன் ரீலோடு அதைச் சேர்த்து ஓடவிட்டான். ஆறு மாதமாக ஊமையாக இருந்த மனிதர் முதன்முதலாக வாய் திறந்து பேசினார்.

"கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அதனால் உள்ளே யாரும் வந்திருக்க முடியாது என்றீர்கள். தாழைத் தள்ளியது இந்த நாற்காலியின் முதுகு. நாற்காலியை இழுத்தது இந்த நூல். நூலின் மறுமுனை கதவுக்கு வெளியே கொலைகாரன் கையில் இருந்தது." பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் பார்த்தீர்கள். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். நூல் தெரிகிறது என்று சிரித்தீர்கள். படம் எடுத்தவன் மறைக்கத் தெரியாதவன் என்று நினைத்தீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கொலைகாரன் தப்பித்துப் போனான்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அக்கா, நாம தடயத்த அழிச்சிட்டோம்" என்றான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இதே மூன்றாவது ரீலில் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிலா. அது அட்டை நிலா. மேலே கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு வௌவால் பறக்கும், அதற்கும் கம்பி. மலை விளிம்பிலிருந்து கார் விழும், அது இழுத்துவிட்ட பொம்மைக் கார். இந்தக் கம்பிகளையும் நான்தான் எடுத்தேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால் தேட வேண்டியிருந்தது. வானத்துக்கு நடுவில் இருக்கிற கம்பிக்கு வானத்தின் சாம்பல் நிறம் பூசியிருந்தார் அந்த டைரக்டர். கார்க் கம்பியை ஒரு மரக்கிளையோடு கிளையாக ஓடவிட்டிருந்தார். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் இரண்டு இடத்தில் எனக்கே தட்டுப்படவில்லை. அவ்வளவு மறைக்கத் தெரிந்த மனுஷன், ஒரே ஒரு இடத்தில் வெள்ளை நூலைக் கட்டி விளக்கு அடிக்கிறார் என்றால் அது கவனக்குறைவாகவா இருக்கும். ஏழு வருடம் இதே வேலை பார்க்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா. வௌவாலையும் நாற்காலியையும் அடுத்தடுத்த நாளில் துடைத்தவள் நான்தானே. என்னை நானே நாலு திட்டு திட்டிக்கொண்டேன்.

இப்போது எங்கள் படத்தில் நாற்காலியைப் பேய்தான் நகர்த்துகிறது. துப்பறிகிறவர் கடைசியில் வந்து இல்லாத நூலைக் காட்டி, பார்க்காத ஜனங்களைத் திட்டுகிறார். அறுபது வருடம் கழித்து அந்த வீட்டில் நான் பேயைக் குடி வைத்துவிட்டேன்.

மானேஜரிடம் ஓடினேன். அவர் எந்நேரமும் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பார். அவசரம் என்று போய் நின்றால் ஆற்றி ஆற்றிக் குடிப்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேடம், லெட்டர்ல முதல் பாயிண்ட் என்ன?"

"நூல் தெரியக் கூடாது. ஆனா சார்..."

"ஆனாவெல்லாம் ரெண்டாவது பாயிண்ட்ல இருக்கா?"

"இல்ல சார். ஆனா கதையே அந்த நூலுதான்."

"நமக்குக் கையெழுத்துப் போடப்போறது கஸ்டமர். துப்பறியிறவர் இல்ல." ஒரு வாய் குடித்தார். "இத்தனை வருஷம் அவர் மனசுல உறுத்தினத நீங்க எடுத்திருக்கீங்க. அத மறுபடி வெக்கணும்கறீங்க. உங்களுக்கு இந்த வேலை நிரந்தரம் ஆகணுமா வேண்டாமா?"

"போன் பண்ணியாவது ஒரு வார்த்தை சொல்லிடலாமே சார்."

"கஸ்டமருக்கு நாமளா போன் பண்ணி, தப்புப் பண்ணிட்டோம்னு சொல்றதா?" அவர் டம்ளரை வைத்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த மனுஷனுக்குப் போனில் சொன்னாலும் நம்புவாரா என்று யோசித்தேன். அப்பா செய்த தப்புக்கு நாங்கள் ஒரு சாக்குக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்றுதான் நினைப்பார். அவர் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. 'வேலை சுத்தம் கிடையாது' என்று அவர் சொன்ன குரல் என் காதிலேயே இருந்தது. அந்தச் சொல்லை ஒரு பிள்ளை வாயிலிருந்து கேட்க அந்த ரேடியோ கடைக்காரர் என்ன பாவம் செய்தார். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது, என் மேல் கோபமாக இருந்தது, மானேஜரின் வெந்நீர் மேல் அதைவிடக் கோபமாக இருந்தது.

"தம்பி, பழைய ஸ்கேன் இருக்குல்ல?"

"இருக்குக்கா. தூசியோட இருக்கு."

"உன் ரீல நீ பாத்துக்க. என்னுத நான் பாத்துக்கறேன்."

போனால் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்தே போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அவன் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

நூலைத் திரும்ப வைப்பது எடுப்பதைவிடத் தொல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கம்ப்யூட்டர் மெல்லிசாக, வெள்ளையாக, நீளமாக எதைப் பார்த்தாலும் கீறல் என்று முழுங்கிவிடும். அதற்குச் சாப்பாடே அதுதான். நான் தூசியைத் துடை என்று சொன்னால், அது தூசியோடு நூலையும் சேர்த்துத் தின்றுவிட்டு முடிந்தது என்று மணி அடித்தது. மூன்று தடவை தின்றது. கடைசியில் அந்த வசதியையே அணைத்துவிட்டு, நானூற்றெட்டு பிரேமையும் கையாலேயே துடைத்தேன். வியாழக்கிழமை பகல் முழுவதும் மானேஜர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேறு ரீலைத் திறந்து வைத்துக்கொண்டேன். வீட்டில் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். "எடுக்கப் பதினோரு நாளு, வெக்க ரெண்டு நாளு. சும்மா உக்காந்திருந்தாலே நூலு அங்கதான இருந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். சில நேரம் அந்த மனுஷன் சரியாகத்தான் பேசுகிறார், அதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாட்டர் போர்டு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல், பையில் இரண்டு பேனா. எங்கள் திரையிடும் அறையில் பன்னிரண்டு சீட். அவர் கதவுக்குப் பக்கத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். மானேஜர் அவர் பக்கத்தில் வெந்நீரோடு உட்கார்ந்தார். நானும் சோடாபுட்டியும் முன்னால்.

முதல் இரண்டு ரீலும் நன்றாக ஓடியது. வாட்டர் போர்டு ஒவ்வொரு பாயிண்ட்டாக டிக் போடுகிற சத்தம் பின்னால் கேட்டது. மூன்றாவது ரீல் வந்தது. அட்டை நிலா நிஜ நிலாவாகத் தெரிந்தது. வௌவால் தானாகப் பறந்தது. "பிரமாதம்" என்றார். பிறகு அந்த அறை. செத்துக் கிடக்கிற பணக்காரர். நாற்காலி மெல்ல நகர ஆரம்பித்தது. கறுப்புத் திரைச்சீலைக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளை வெளேரென்று நூல்.

"நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினோம். நூல் திரை முழுக்க நீண்டு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், முகம் சின்னப் பையன் முகம் மாதிரி சுருங்கியிருந்தது. மானேஜருக்கு வெந்நீர் புரையேறியது.

"முதல் பாயிண்ட்ட யாருமே படிக்கலையா இங்க?"

"படிச்சேன் சார்" என்று எழுந்தேன். "எடுத்தேன். நல்லாவே எடுத்தேன். அப்புறம் நான்தான் திருப்பி வெச்சேன். மானேஜர் சாருக்குத் தெரியாது."

"மேடம்" என்றார் மானேஜர், இருமலுக்கு நடுவில்.

"ஏன்?" என்றார் வாட்டர் போர்டு.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், என் வேலையும் பிழைத்துவிடும். ஆனால் சொல்லிவிட்டால் அது நான் சொன்னதாகத்தானே இருக்கும், அவர் அப்பா சொன்னதாக இருக்காதே.

"இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க சார். அதுக்கப்புறமும் வேண்டாம்னா, உங்க கண்ணு முன்னாடியே எடுத்துத் தரேன். அதுக்கப்புறம் என் வேலை போனாலும் பரவால்ல." பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது.

அவர் கதவைப் பார்த்தார். "இதுக்கடுத்த இடைவேளையிலதான் அன்னிக்கு எழுந்து போனேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பது போல சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

மிச்சம் ஓடியது. டிக் போடுகிற சத்தம் நின்றுபோயிற்று. நான் திரையைப் பார்க்கவில்லை, இருட்டில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ரீலில் துப்பறிகிறவர் அறைக்குள் வந்தார். நூலைக் கட்டினார். இழுத்தார். நாற்காலி நகர்ந்து தாழைத் தள்ளியது. அவர் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்து, நீங்களும்தான் பார்த்தீர்கள் என்று ஆரம்பித்தார். வாட்டர் போர்டின் மடியிலிருந்து ஃபைல் வழுக்கிக் கீழே விழுந்தது. பதின்மூன்று பாயிண்ட்டும் தரையில் கிடந்தது. அவர் குனியவில்லை. பக்கத்தில் மானேஜர் வாயைப் பிளந்தபடி, "அட, நூலா?" என்றார். புதன்கிழமை அவ்வளவு நேரம் ஆற்றி ஆற்றிக் குடித்தவர் ஒரு சொல்லைக்கூடக் காதில் வாங்கவில்லை.

விளக்கைப் போட்டோம். வாட்டர் போர்டு வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடம் விட்டா நேரா அப்பா கடைக்குத்தான் போவேன்" என்றார். "பசங்க வெளிய நின்னு நூலு, நூலுன்னு கத்துவானுங்க. அப்பா ரேடியோவ பிரிச்சு வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. வெரட்டக்கூட மாட்டாரு. எங்கிட்ட மட்டும், நீ ஒரு தரம் கடைசி வரைக்கும் பாரேன்டா, படப்பெட்டி பரண்மேலதான் இருக்கும்பாரு. எனக்கு எரிச்சலா வரும். எழுந்து போயிடுவேன். எத்தன வருஷம்." குனிந்து ஃபைலை எடுத்தார். "விஷயம் இதுதான்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லமா? பெத்த பிள்ளைகிட்ட?"

"எப்படி சார் சொல்வாரு" என்றேன். "மர்மப் படம் எடுத்தவரு. நீங்க இன்னும் பாக்கலையே."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மானேஜர் மெதுவாகக் கையெழுத்துத் தாளை நீட்டினார். "சார், இங்க மட்டும் ஒரு..."

"ஒரு நிமிஷம்" என்று தாளை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போனை எடுத்து நம்பரை அழுத்தினார். மறுமுனையில் அவருடைய அக்கா. காது மந்தம் போலிருக்கிறது, அந்த அம்மா கத்திப் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடா, நூல எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா."

"ஏன்டா? அதுக்குத்தான அவ்வளவு தூரம் போன?"

"நீ திங்கக்கிழமை கிளம்பி இங்க வா. முழுசா உக்காந்து பாக்கணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

"முட்டி வலியோட நான் எங்கடா வர்றது. என்ன ஆச்சுன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"நான் உன் அக்காடா. எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். மானேஜர் பேனா மூடியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.